வாசிக்காமல் விட்ட பெயர்

போன வாரம் ஆபீஸ் சித்தி செய்த காரியத்துக்கு அவளைத் திட்டாதவர்கள் உங்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். கூடப் பிறந்த அக்காவைப் பற்றித் தலைமை சிஸ்டரின் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, "அவளுக்குப் புத்தி பிசகிப் போச்சோன்னு பயமா இருக்கு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வருவதென்றால் லேசான விஷயமா? ஆனால் அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். அதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மாதா கோயிலை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடம் அது. ஒன்று முதல் ஐந்து வரைதான் வகுப்புகள். அக்கா அங்கே ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. தங்கை அதே பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர். அக்காவின் ஒரே மகளும் அங்கேதான் படித்தாள். ஞானஸ்நானப் பெயர் ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டாள் என்பதால் எல்லோருக்கும் அவள் தும்பி. ஃபாதருக்கும் தும்பி. அவள் 'சித்தி, சித்தி' என்று அலுவலக ஜன்னலில் வந்து தொங்கியதைப் பார்த்துத்தான் மொத்தப் பள்ளிக்கூடமும் எழுத்தரைச் சித்தி என்று கூப்பிடப் பழகியது.

பிப்ரவரி கடைசியில் தும்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். அவ்வளவுதான்.

பிறகு நடந்ததில் சித்தியின் பங்கு ஒன்று உண்டு. அந்தப் பள்ளியில் மாதம் ஒன்று பிறந்தால் வேலை வரிசைகட்டி நிற்கும். முதல் வெள்ளி கோயிலில் பள்ளித் திருப்பலி. இரண்டாவது வாரம் வீட்டில் மடித்து வைத்த பழைய துணிகளைப் பிள்ளைகள் கொண்டுவந்து, இல்லாதவர்களுக்குக் கட்டி அனுப்புவார்கள். மூன்றாவது சனி பெற்றோர் வந்து வளாகத்தைப் பெருக்கி, பெஞ்சுகளுக்கு ஆணி அடித்துக் கொடுப்பார்கள். கடைசி வெள்ளி அந்த மாதம் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கேக். எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவது சித்தி. அந்தப் பட்டியல் ஒவ்வொன்றிலிருந்தும் தும்பியின் பெயரை அடித்ததும் அவள்தான். வருகைப் பதிவேடு, வேன் பட்டியல், பிறந்தநாள் பட்டியல். அக்கா கண்ணில் படக் கூடாது என்று மார்ச் மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள்.

ஆனால் ஒரு பெட்டி மட்டும் அவளை விடவில்லை.

அலுவலக வராந்தாவில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. 'நோயாளிகளுக்காகவும் தேவையில் இருப்போருக்காகவும்' என்று அதன்மேல் எழுதியிருக்கும். யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டால், முதல் வெள்ளித் திருப்பலியில் ஃபாதர் வாசிப்பார். மார்ச் மாதம் சித்தி பெட்டியைத் திறந்தபோது அக்காவின் அச்சடித்தாற்போன்ற கையெழுத்தில் ஒரு சீட்டு: 'தும்பிக்காக. அம்மா.'

செத்துப்போன பிள்ளையை நோயாளிகள் பெட்டியில் போடுகிறாளே! சித்தி சீட்டை எடுத்து ஒளித்துவிட்டாள். அடுத்த மாதமும் அதே சீட்டு. அதற்கடுத்த மாதமும். விடுமுறை மாதம் போக மொத்தம் ஏழு. அந்த ஏழு சீட்டையும் தூக்கிக்கொண்டுதான் போன வாரம் தலைமை சிஸ்டரிடம் போனாள்.

இனி இந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

நவம்பர் மாதம் மரித்தோருக்கான மாதம். மரப்பெட்டிக்குப் பக்கத்தில் ஊதாக் காகிதம் ஒட்டிய செருப்புப் பெட்டி ஒன்று, அந்த ஒரு மாதம் மட்டும் வந்து உட்காரும். இறந்துபோனவர்களின் பெயரை அதில் போடலாம். திருப்பலிப் பொறுப்பை ஏற்கும் வகுப்புப் பிள்ளைகள், ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும்போது ஒரு மெழுகுதிரி ஏற்றிப் பீடத்தின் படியில் வைப்பார்கள். இந்த மாதம் மூன்றாம் வகுப்பின் முறை. தும்பி இருந்திருந்தால் அவள் அந்த வகுப்பில்தான் இருந்திருப்பாள்.

காலை எட்டு மணிக்குச் சித்தி இரண்டு பெட்டிகளையும் மேசைக்குக் கொண்டுவந்தாள். முதலில் மரப்பெட்டி. ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் பார்த்தாள். அக்காவின் சீட்டு இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

ஊதாப் பெட்டியைக் கவிழ்த்தால், சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கோணல்மாணல் எழுத்து. தும்பி. தும்பி. எங்கள் தும்பி. ஒரு பிள்ளை கூடவே ஒரு சேதியும் எழுதியிருந்தது: 'என் ரப்பர் அவகிட்டயே இருக்கு. பரவாயில்ல, வெச்சுக்கட்டும்.'

சித்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எண்ணினாள். இருபத்தாறு. அடியில் இன்னும் ஒன்று கிடந்தது. அச்சடித்தாற்போன்ற கையெழுத்து. 'தும்பிக்காக. அம்மா.'

பாவம், பெட்டி மாறிப் போட்டுவிட்டாள் என்றுதான் சித்தி நினைத்தாள். நம்புங்கள், அப்படித்தான் நினைத்தாள். வேறு விதமாக யோசித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

இருபத்தேழு சீட்டையும் ஓர் உறைக்குள் போட்டு இழுப்பறையில் தள்ளினாள். மற்ற பெயர்களைத் தட்டச்சு செய்தாள். தாளை எடுக்கும்போது தலைமை சிஸ்டர் உள்ளே வந்தார்.

"பட்டியல் ரெடியாம்மா?"

"ரெடி சிஸ்டர். நாப்பத்தோரு பேர்."

சிஸ்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். "குழந்தை பேரு எங்க?"

"வேண்டாம் சிஸ்டர். மைக்ல கேட்டா அக்கா தாங்க மாட்டா. அத்தனை பேருக்கு முன்னாடி ஏதாவது ஆயிடும்."

"ஃபாதர் எதிர்பார்ப்பாரே."

"நான் அவர்கிட்ட அப்புறமா சொல்லிக்கிறேன் சிஸ்டர்."

"உன் அக்கா. உனக்குத்தான் தெரியும்." சிஸ்டர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். போகிறவர் வாசலில் நின்று திரும்பினார். "நிர்வாகத்துல பேசிட்டேன். மாத்து டீச்சர் ஒருத்தரைத் தயாரா வெச்சிருக்காங்க. இன்னிக்கு உன் அக்கா எப்படி இருக்காங்கன்னு நானும் பார்க்கறேன். சரியில்லைன்னா லீவ்தான் நல்லது. வருஷக் கடைசி வரைக்கும்."

சித்தி தலையாட்டினாள். ஆட்டிவிட்டாளே தவிர, மனசு ஒப்பவில்லை. அக்காவின் வீடு எப்படியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? மருந்துக்கடை வைத்திருக்கும் அத்தான் காலையில் போனால் ராத்திரிதான் வருகிறார். முதல் நாள் காய்ச்சலுக்குத் தன் கையால் மாத்திரை கொடுத்தவர் அவர். அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை. அக்கா மனுஷியாக நடமாடுவது பள்ளிக்கூடத்தில்தான். அந்த முப்பது பொடிசுகளின் மூக்கைத் துடைத்து, ஷூ நாடாவைக் கட்டிவிட்டு, 'அ'னாவுக்குச் சுழி போடக் கற்றுக்கொடுத்துத்தான் அவள் நாளை ஓட்டுகிறாள். அதையும் பிடுங்கிவிட்டால்?

நல்லதுக்குத்தான், ஓய்வு கிடைத்தால் தெளிந்துவிடுவாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சித்தி கோயிலுக்கு நடந்தாள்.

கோயிலில் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தன் முப்பது உருப்படிகளோடு இரண்டாவது வரிசையில். வெள்ளைப் புடவை, இழுத்துக் கட்டிய கொண்டை. ஒரு பொடியன் அவள் மடியில் தலை சாய்த்துக் கொட்டாவி விட்டான். அவள் முதுகு மட்டும்தான் சித்திக்குத் தெரிந்தது.

ஃபாதர் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். நான்காம் வகுப்புப் பெண்ணின் தாத்தா. வேன் டிரைவரின் தம்பி. போன வருஷம் வரை மணி அடித்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை. ஒவ்வொரு பெயருக்கும், "இளைப்பாற்றி அளித்தருளும், ஆண்டவரே" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போய், பெரிய மெழுகுதிரியில் பற்றவைத்துப் படியில் வைத்துவிட்டு வந்தார்கள். ஒருவர் இரண்டு தடவை, ஒருவர் ஒரு தடவை என்று அவர்களுக்குள்ளேயே பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தொன்று முடிந்தது. ஃபாதர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மடித்து வைத்துவிட்டார்.

பீடத்தின் முன்னால் ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டியவள். இரண்டு வருஷம் தும்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கையில் பற்றவைக்காத மெழுகுதிரி.

"என்னம்மா?" என்றார் ஃபாதர், மெதுவாக.

"ஃபாதர், இது தும்பியோடது."

மைக் அருகிலேயே இருந்ததால் கோயில் முழுக்கக் கேட்டது. ஃபாதர் சித்தியைத் தேடினார். தலைமை சிஸ்டரும் திரும்பிப் பார்த்தார். சித்தி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

இரண்டாவது வரிசையில் அக்கா எழுந்தாள். மடியில் தூங்கியவனைப் பக்கத்துப் பிள்ளைமேல் சாய்த்துவிட்டு எழுந்தாள். மிஸ் எழுந்ததும் மற்ற பொடிசுகளும் சடசடவென்று எழுந்து நின்றுவிட்டன.

"ஃபாதர், லிஸ்ட்ல விட்டுப்போச்சு. என் பொண்ணு. பேரு தும்பி." குரல் உடையவில்லை. "நீங்க படிங்க ஃபாதர்."

ஃபாதர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மைக்கைக்கூடப் பார்க்காமல், "தும்பி" என்றார்.

எங்கோ ஒரு குரல், "இளைப்பாற்றி" என்று ஆரம்பித்தது. பிறகு மொத்தக் கோயிலும் சொன்னது. இரட்டைச் சடைக்காரி மெழுகுதிரியைப் பற்றவைத்து, மற்றவற்றை இரண்டு கையாலும் நகர்த்தி, நடுவில் இடம் பண்ணி வைத்தாள்.

அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். வாய்விட்டு, ஓவென்று அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. பொடிசுகள் மிரண்டுபோய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டன. ஒரு குட்டி தன் கைக்குட்டையை எடுத்து அவள் கன்னத்தில் ஒற்றியது.

தலைமை சிஸ்டர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனதைச் சித்தி பார்த்தாள். எதற்குப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஓடிப்போய் நிறுத்தத்தான் நினைத்தாள். ஆனால் தூணருகிலேயே நின்றுவிட்டாள்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சீட்டை எங்கடி வெச்சிருக்க?"

"எந்தச் சீட்டு?"

"நடிக்காத. நான் எழுதிப் போட்டது."

சித்தி இழுப்பறையைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமாயிருந்தது.

"மார்ச்லேருந்து போடறேன். ஒரு மாசம்கூட ஃபாதர் படிக்கல. பெட்டியத் திறக்கறது நீ. நீதான் எடுக்கறேன்னு இரண்டாவது மாசமே தெரியும்."

"தெரிஞ்சுமா போட்ட?"

"ஆமா."

"ஏன்க்கா? அது நோயாளிங்க பெட்டி! அவ... அவ இல்லைன்னு உனக்கு..."

அக்கா அவளையே பார்த்தாள். முதலில் புரியவில்லை அவளுக்கு. புரிந்ததும் முகம் மாறிப்போயிற்று.

"நான் பைத்தியம்னு நினைச்சியா?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வருஷம் பூரா அங்க இருக்கறது ஒரே பெட்டிதானேடி! ஊதாப் பெட்டிய நீ நவம்பர்லதான எடுத்து வைக்கிற? மார்ச் மாசம் நான் எதுல போடுவேன்? அதுல 'தேவையில் இருப்போருக்காக'ன்னும் எழுதியிருக்கே. எனக்குத் தேவை இருந்துச்சு. போட்டேன்."

ஏழு மாதம். ஏழு மாதமும் இவ்வளவு சின்ன விஷயம் சித்தியின் புத்திக்கு எட்டவில்லையே!

"வீட்ல அவ பேரைச் சொல்ல ஆளில்ல," என்றாள் அக்கா. "உங்க அத்தான் அவ போட்டோவையெல்லாம் எடுத்து அலமாரில வெச்சுட்டார். அவ செருப்பு எங்கன்னு தெரியல. இங்க வந்தா, நீ ஒவ்வொரு லிஸ்ட்லயும் அடிச்சுட்ட. டீச்சருங்க என்னைப் பார்த்தா பேச்சை மாத்தறாங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது அவ பேரைச் சத்தமா சொல்லிக் கேட்டா போதும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் போட்டேன். நீ எடுத்துடறேன்னு தெரிஞ்சப்புறம், என்னைக்காவது ஒருநாள் நீயே சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு வந்து, 'ஏன்க்கா இப்படிப் போடற'ன்னு கேப்பேன்னு போட்டேன். ஏழு மாசம் ஆச்சு. நீ வரவே இல்ல."

"கேட்டா நீ உடைஞ்சு போயிடுவியோன்னு பயந்தேன்க்கா."

"உடைஞ்சா பிடிச்சிருக்கலாமே. தங்கச்சிதானே நீ?"

சித்தி மேசையில் கவிழ்ந்து விம்மினாள். அக்கா அவள் தலைமேல் கை வைத்தாள். கையை எடுக்காமலே, "சரி, விடு. இன்னிக்குப் படிச்சாச்சு. நானும் அழுதாச்சு. கொஞ்சம் லேசா இருக்கு. சாப்பிட்டியா நீ?" என்றாள்.

அந்த 'சாப்பிட்டியா'வைத்தான் சித்தியால் தாங்க முடியவில்லை. நிமிர்ந்தாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு பண்ணிட்டேன்..."

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்று அக்கா கேட்டாள். குரலில் கோபமில்லை. சும்மாதான் கேட்டாள்.

அப்போது கதவருகில் நிழல் விழுந்தது. தோளில் பை, கையில் ஃபைல், புதிதாக இஸ்திரி போட்ட சுடிதார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"எக்ஸ்க்யூஸ் மீ, ஆபீஸ் இதுதானே? சிஸ்டர் போன் பண்ணி உடனே கிளம்பி வரச் சொன்னாங்க. ஒண்ணாம் வகுப்புக்கு. அங்க இருக்கற மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லையாமே? வருஷக் கடைசி வரைக்கும் நான்தான் பார்த்துக்கணுமாம்."



அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சித்தியின் தலைமேல் இருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் போய்ச் சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். நீ கொஞ்சம் இரு."

அக்கா எழுந்து புடவையை நீவிவிட்டுக்கொண்டாள். "வாங்க டீச்சர். அந்த மிஸ் நான்தான்," என்றாள். புதியவளுக்கு முகம் வெளிறிவிட்டது. "பயப்படாதீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? பசங்க சாப்பிடற நேரம். ஏழு பேருக்கு டப்பா மூடி திறக்க வராது. வாய்விட்டுக் கேக்கவும் மாட்டாங்க, பட்டினியா உட்கார்ந்திருப்பாங்க. நாமதான் பார்த்துத் திறந்துவிடணும்."

இருவரும் வராந்தாவில் நடந்து போனார்கள். சித்தி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். தலைமை சிஸ்டரின் அறை எதிர்ப்பக்கம்தான். இருபது அடி எடுத்து வைத்தால் போய்விடலாம். போய் என்ன சொல்வது? நான் சொன்னது அத்தனையும் தப்பு என்றா? அக்காவின் அழுகையை அத்தனை பேர் பார்த்த பிறகு, சிஸ்டர் நம்புவாரா? நிர்வாகத்துக்கு ஒரு தடவை போன பேச்சைத் திரும்ப வாங்க முடியுமா? கேட்டுக்கேட்டே கால் மணி நேரத்தை ஓட்டிவிட்டாள்.

ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று மூச்சிரைக்க ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியது. முன்பல் இரண்டும் இல்லை. வாயோரம் சோற்றுப் பருக்கை.

"சித்தி! எங்க மிஸ் அழுதுக்கிட்டே ஏதோ பண்றாங்க!"

"என்னடா கண்ணு பண்றாங்க?"

"ஒவ்வொருத்தர் தலையிலயா கை வெச்சு, புது மிஸ்ஸுக்கு எங்க பேரெல்லாம் சொல்லிக் குடுக்கறாங்க. எங்க வீட்ல கூப்பிடற பேரைக்கூடச் சொல்றாங்க. எதுக்கு சித்தி? எங்க மிஸ் எங்க போறாங்க?"

சித்தி வராந்தாவில் இறங்கினாள். பிறகு ஓடினாள். தலைமை சிஸ்டரின் அறைக்குள் யாரும் தட்டாமல் போனதில்லை. அவள் தட்டவில்லை. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போய், போனில் பேசிக்கொண்டிருந்த சிஸ்டரின் கையைப் பிடித்தாள்.

"போனை வைங்க சிஸ்டர். சரியில்லாதது எங்க அக்கா இல்ல. நான்தான்."